மூன்று மணிக்குத்தான் தண்ணீர்

1954 ஜூன் 8, செவ்வாய்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேசையில் வைத்த கொப்பிகள் எல்லாம் நமுனுகுல மலைக்குப் பறந்துபோகப் பார்க்கின்றன. ஏழாம் வகுப்புக்கு இன்று பின்னம். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்பதைப் பாதிப் பிள்ளைகள் இன்னும் ஒரு வதந்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக ஒரு நோவு. வருவதும் போவதுமாக இருக்கிறது. வாய்வுதான், வேறென்ன. இவர் கச்சேரி உத்தியோகம் முடிந்து வந்ததும் ஓமம் அவித்துத் தந்தார். நோவு குறைந்ததா, ஓமத்தின் உறைப்பில் மறந்துபோனதா, தெரியவில்லை.

ஜூன் 10, வியாழன்

மறுபடி ஓமம். மறுபடி நோவு. இஞ்சியும் உள்ளியும் தோற்றுவிட்டன.

ஜூன் 13, ஞாயிறு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். கொப்பியும் பென்சிலும் இவர் கொண்டுவந்து தந்தார். கேட்காமலே கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடம். கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டு நின்றேன். முதுகில் யாரோ கத்தியைச் செருகி, அதை அடிவயிறு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது மாதிரி. சோக் விழுந்தது. நானும் விழுந்தேன். இருக்க முடியவில்லை, நிற்க முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஜன்னலால் தலையை நீட்டிச் சத்தியெடுத்தேன். ஏழாம் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. இனி அந்த வகுப்பில் நான் எந்த முகத்தோடு அதட்டுவது?

லரீபா டீச்சர்தான் ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஹாஷிமின் வாடகைக் காரைக் கொண்டுவந்தாள். பின் ஆசனத்தில் முழங்காலில் நின்றபடி போனேன். "பயப்பட வாணாம் டீச்சர், இந்தா வந்திட்டம்" என்று ஹாஷிம் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு நோகக்கூடாதென்று காரை ஊர்வலம் மாதிரி விட்டான், பாவம். "கெதியாய் விடும் தம்பி!" என்று கத்தினேன். வெளியாள் ஒருவரை நோக்கி வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை.

டாக்டர் குமாரசிங்கம் முதுகில் மெல்லக் குத்தினார். துள்ளினேன். கட்டிலில் புரண்டேன், எழும்பினேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஆத்திரமாக இருந்தது. பிறகு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நோவு அடுத்த கட்டிலில் கிடப்பவரின் நோவு மாதிரி ஆயிற்று. இருக்கிறது என்று தெரியும், ஆனால் என்னுடையதில்லை. அந்த ஊசியைக் கண்டுபிடித்தவர் யாரோ, நூறாண்டு இருக்கட்டும்.

"உங்கடை ஆட்டத்திலையே பாதி விளங்கிட்டுது டீச்சர்" என்றார் டாக்டர் நேற்று. "வயித்துக்குள்ளை குடல் வெடிச்ச ஆக்கள் அசையப் பயந்து கட்டை மாதிரிக் கிடப்பினம். சிறுநீர்க் கல்லு நோவுக்காரர் ஒரு இடத்திலை நிக்கமாட்டினம்."

சிறுநீரை எடுத்து நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்ததில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்ததாம். நாளைக்கு எக்ஸ்ரே படம் பிடிக்கிறார்கள். இன்றிரவு ஆமணக்கெண்ணெய் குடிக்கவேண்டும். வயிறு காலியாக இருந்தால்தான் படத்தில் கல் தெரியுமாம்.

ஜூன் 14, திங்கள்

ஆமணக்கெண்ணெயைப் பற்றி எழுதமாட்டேன்.

படம் பிடிக்கமுன் "வயித்திலை பிள்ளை ஏதும் இருக்க இடமிருக்கோ?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். வேகமாகச் சொன்னேன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

முதல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். முதுகெலும்புக்குப் பக்கத்தில், கீழே, ஒரு வெள்ளைப் புள்ளி. அரிசிக் குருணை அளவு. இவ்வளவு சின்னனுக்கா அவ்வளவு கூத்து? பிறகு கையில் ஒரு மருந்து ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சூடு பரவி, வாயில் பித்தளைச் செம்பை நக்கினது மாதிரி ஒரு ருசி. விட்டு விட்டுப் படம் எடுத்தார்கள். அந்த மருந்து சிறுநீரகத்திலிருந்து இறங்கிவரும் வழி வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. கல்லுக்கு மேலே கோடு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஆனால் கல்லைத் தாண்டி மெல்லிசாக ஒரு இழை கீழே போகிறது.

டாக்டர் அந்த இழையைத்தான் விரலால் காட்டினார். "இது உங்கடை அதிர்ஷ்டம். முழுசா அடைச்சிருந்தால் இப்பவே வெட்டவேணும். வழி இருக்கிறபடியால் தவணை தாறன். ஜூலைக் கடைசியிலை திரும்பப் படம். அதுக்குள்ளை தண்ணியைக் குடிச்சு நீங்களே தள்ளினால் சரி. இல்லாட்டில் வெட்டி எடுக்கிறதுதான். இடையிலை காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் உடனை ஓடிவரவேணும். கல்லும் காய்ச்சலும் சேர்ந்தால் சிறுநீரகம் போயிடும், ஆளும் போகலாம்."

பிறகு கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறனியள்?"

"வேண்டியளவு."

என் சிறுநீர்ப் போத்தலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாயம் கூடின வெறுந்தேத்தண்ணி நிறம். "வேண்டியளவு குடிக்கிற ஆளுக்கு இந்த நிறம் வராது டீச்சர்" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார்.

ஜூன் 15, செவ்வாய்

அடுத்த கட்டிலில் மீனாம்பாள். லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கிறவள். என் வயதுதான் இருக்கும், ஆனால் சிரிப்பு இருபது வயதுக்காரியின் சிரிப்பு. அவளுக்கும் கல். டாக்டர் போன மாதம் வெட்டி எடுத்திருக்கிறார். கேட்காமலே துணியை விலக்கித் தழும்பைக் காட்டினாள். முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி வயிற்றுக்கு வருகிறது. நான் என் இடது விலாவைக் கையால் மூடிக்கொண்டேன்.

"புளியங்கொட்டை தண்டி இருந்திச்சுங்க. டாக்டரய்யா போத்தல்ல போட்டு காமிச்சாரு. சாமி மாதிரிங்க அவரு. நா பொழைக்க மாட்டேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

தண்ணீர் குடிக்கிறதில்லையா என்று கேட்டேன்.

"எங்கிட்டுங்க குடிக்கிறது? காலையில பேர் பதியப் பெரட்டுக்குப் போனா பொழுது சாயத்தான் லயத்து வீட்டுக்கு வாறோம். தண்ணி குடிச்சா தேயில நெரய விட்டு எறங்கி ஒதுங்கணும். கங்காணி சத்தம் போடுவாரு. கொழுந்து கொறையும். அதான் குடிக்கிறதே இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க. நெழலுல ஒக்காந்து வேல. ஒங்களுக்கு ஏங்க கல்லு வந்திச்சு?" என்றாள்.

குத்தலாக இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். நான் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஜூன் 16, புதன்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் கட்டிலருகே வந்தபோது, இவரும் நிற்கும்போது சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்மாருக்கென்று ஒரு கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் பழுதாக்காமல் பூட்டு. சாவி தலைமையாசிரியரின் கதிரைக்குப் பின்னால் ஒரு ஆணியில். வேண்டுமென்றால் அவர் அறைக்குள் போய், அவரிடம் கேட்டு, அவர் எழும்பி எடுத்துத் தர வாங்கி, பெரிய வகுப்புப் பொடியன்களின் விறாந்தையைக் கடந்து போகவேண்டும். எவள் கேட்பாள்? மூத்த டீச்சர் இராசமணி அக்கா கேட்டதில்லை. நான் கேட்டதில்லை. லரீபா கேட்டதில்லை. ஆகவே தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் ஒரு தேத்தண்ணி, பிறகு மூன்று மணிக்கு வீட்டில். தொண்டை காய்ந்தால் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்புவோம். நான் சேர்ந்த முதல் கிழமையில் இராசமணி அக்கா எனக்குச் சொல்லித்தந்தா. லரீபா வந்தபோது நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். டைம்டேபிள் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

"பதினொரு வரியமாயோ?" என்றார் இவர். "ஏன் எனக்குச் சொல்லேல்லை நீர்?"

என்னத்தைச் சொல்லிறது? அது ஒரு விஷயமெண்டே எனக்குத் தெரியாதே!

டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "என்ரை மனிசியும் முந்திப் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவ" என்றார். "நான் ஒருநாளும் கேட்டதில்லை."

பிறகு கட்டளை. சிறுநீர் தண்ணீர் நிறத்தில் வரும்வரை குடிக்கவேண்டும். நடக்கவேண்டும். போகும் ஒவ்வொரு தடவையும் மெல்லிய துணியில் வடித்துப் பார்க்கவேண்டும், வீட்டிலென்றாலும் பள்ளிக்கூடத்திலென்றாலும். கல் கையில் கிடைத்தால்தான் அது என்ன கல் என்று பார்க்கலாமாம். வாழைத்தண்டுச் சாறு நல்லதா என்று இவர் கேட்டார். "அது கல்லைக் கரைக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் அதோடை தண்ணியும் உள்ளை போகுதுதானே, குடியுங்கோ" என்றார். கெட்டிக்காரன்.

ஜூன் 20, ஞாயிறு

வீடு. தலையணைக்கும் சுவருக்கும் ஜன்னலுக்கும் தனித்தனியாக நன்றி சொல்லவேண்டும் போல் இருக்கிறது.

இவர் என் பழைய மஸ்லின் சேலையைச் சதுரம் சதுரமாக வெட்டி அவித்துக் காயப்போட்டிருக்கிறார். ஒரு டின்பால் பேணியின் வாயில் துணியைக் கட்டி, வடிப்பது எப்படி என்று எனக்கே விளக்கம் வேறு. ஒவ்வொரு துணியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். கச்சேரியில் காணி வரைபடம் பார்க்கிற கண்ணாடி. அரசாங்கச் சொத்து எந்த வேலைக்குப் பயன்படுகிறதென்று பெரியவர்களுக்குத் தெரிந்தால்!

கல்யாணமான நாளிலிருந்து இவரைக் கஞ்சப் பேச்சுக்காரர் என்று குறைபட்டிருக்கிறேன். பேசாமல் துணி அவிக்கிற மனிதன் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஜூன் 21, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். வீட்டில் மூன்று டம்ளர் குடித்துவிட்டுப் போனேன். பேணியைத் தையல் பையில் வைத்துக் கொண்டுபோனேன். பத்து மணிக்கே முட்டிவிட்டது. தலைமையாசிரியரின் அறை வாசல்வரை இரண்டு தரம் போனேன். முதல் தரம் "என்ன டீச்சர்?" என்றார். சோக் வேணும் என்றேன். இரண்டாம் தரமும் சோக்.

பையில் இப்போது இரண்டு பெட்டி சோக் இருக்கிறது. மூன்று மணிவரை ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அறிவு கெட்டவள்.

ஜூன் 22, செவ்வாய்

கடைக்காரர் வடிவேலுவின் மனைவி ராமலட்சுமி மாலையில் வந்தாள். ஒரு பேணி பார்லி, ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய். உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, எத்தன மாசம்?" என்றாள். சத்தியெடுத்தேன், ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று கேள்விப்பட்டு ஊரே கணக்குப் போட்டிருக்கிறது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஒரு கணம் — ஒரு கணம்தான் — அது உண்மையாக இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

பிள்ளையில்லை, கல்லு என்றேன். அவள் அழுதுவிட்டாள். நான்தான் தேற்ற வேண்டியதாயிற்று. "வாய் வச்சிட்டேனே, வாய் வச்சிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவள். ஊறுகாயைத் திருப்பி எடுத்துப்போகவில்லை. பார்லியை எப்படிக் காய்ச்சுவது என்று அடுப்படிக்கே வந்து காட்டிவிட்டுப் போனாள்.

அவள் போனபின் நானும் அழுதேன். பிறகு பார்லித் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 24, வியாழன்

மத்தியானத்திலிருந்து மறுபடி நோவு. அந்த முதல் வெள்ளிக்கிழமை அளவுக்கு இல்லை, ஆனால் அதே பாதை. வெந்நீர்ப் பையோடு கிடக்கிறேன். காய்ச்சல் இருக்கிறதா என்று இவர் ஓயாமல் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். இந்தக் கிழமை முழுக்கப் பகலில் நான் குடிக்கவேயில்லை என்று அவருக்குத் தெரியும். ஏசவில்லை.

"நான் வந்து ஹெட்மாஸ்டர் கனகரத்தினத்தாரோடை கதைக்கட்டோ?" என்றார்.

வேண்டாம் என்றேன். ஒரு பொம்பிளைக்கு ஒண்டுக்குப் போகவேணும் எண்டு அவளின்ரை புருஷன் போய் விண்ணப்பம் குடுக்கிறதோ? அதுக்குப் பேசாமல் வயித்தை வெட்டலாம்.

வெட்டலாம் என்று எழுதிவிட்டேன். மீனாம்பாளின் தழும்பு கண்ணுக்குள் நிற்கிறது. இல்லை. வெட்டவேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது. சாவி கேட்கிறதைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 25, வெள்ளி

பத்தரை மணி. பாடம் மாறும் நேரம். தலைமையாசிரியரின் அறைக்குள் போய் நின்றேன்.

"சோக்கோ டீச்சர்?"

"இல்லை சேர். சாவி."

கனகரத்தினம் மாஸ்டருக்கு விளங்கவில்லை. எந்தச் சாவி என்றார். பின்னால் ஆணியைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன், அங்கை ஏதும் பழுதோ?"

"பழுது அங்கையில்லை சேர், எனக்குத்தான்."

அவர் காது சிவந்தது. எழும்பி, சாவியை எடுத்து, பரிசளிப்பு விழாவில் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் தந்தார். நானும் அப்படியே வாங்கினேன். விறாந்தையைக் கடந்தேன். பெரிய பொடியன்கள் பார்த்தார்கள். தலையைக் குனியவில்லை. சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது! பூட்டுத் திறக்கவில்லை. சாவி உள்ளே போகிறது, திரும்புகிறதில்லை. இழுத்தேன், தட்டினேன், கையில் துரு ஒட்டினது. திரும்பவும் அவரிடம் போக வேண்டியதாயிற்று. அவர் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடும் ஒரு கோழியிறகோடும் வந்தார். பூட்டுத் திருத்துகிற ஆசாரி மாதிரிக் குனிந்து நின்று, இறகால் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுப் பூட்டுக்குள் விட்டார். விறாந்தையில் ஒரு வகுப்பு முழுவதும் நிற்கிறது. நான் தையல் பையை அணைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். முட்டிக்கொண்டு நிற்கிறது வேறு. சீதைக்குப் பூமி பிளந்து இடம் கொடுத்ததாம். பதுளைப் பூமிக்கு அந்த இரக்கம் இல்லை.

"இந்தக் கட்டடம் கட்டிப் பன்ரெண்டு வரியமாகுது" என்று பூட்டைப் பார்த்தபடியே சொன்னார். "பூட்டு எப்பிடி இவ்வளவு துருப்பிடிச்சது?"

இறகு பூட்டுக்குள் நின்றுவிட்டது. அவர் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரும் திறக்கேல்லையோ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை சேர்."

"நான் நினைச்சன்..." என்று தொடங்கினார். என்ன நினைத்தார் என்று சொல்லவில்லை. நாங்கள் தேவதைகள், எங்களுக்கு அதெல்லாம் தேவையில்லை என்று நினைத்திருப்பார். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன? நாங்கள்தானே அப்படி நடித்தோம். திரும்பி, விறாந்தையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பொடியன்கள் எல்லாரும் ஒரே நொடியில் வகுப்புக்குள்.

பூட்டுத் திறந்தது. உள்ளே சிலந்திவலை. நான் சிலந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த நிம்மதியை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ஜூன் 28, திங்கள்

எங்கள் டீச்சர்மார் அறைச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில் ஒரு புது ஆணி. அதில் சாவி. கீழே முக்காலியில் ஒரு தண்ணீர்க் கூசா, மேலே டம்ளர் கவிழ்த்து. யார் வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. தலைமையாசிரியரின் இடது பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. சுத்தியலில் பழக்கமில்லாத மனிதன்.

நான் எல்லார் முன்னாலும் ஒரு டம்ளர் நிறையக் குடித்தேன். லரீபா, "எனக்கும் ஒண்டு ஊத்துங்கோ டீச்சர்" என்றாள். இராசமணி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வெக்கங்கெட்ட வேலை. இவ்வளவு காலமும் நாங்கள் மரியாதையாய் இருந்தனாங்கள்" என்றா.

மரியாதை என் இடது சிறுநீர்க் குழாயில் குருணையாக நிற்கிறது அக்கா, என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. அவவும் எனக்கு நல்லதை நினைத்துத்தான் அதைச் சொல்லித்தந்தா.

ஜூலை 2, வெள்ளி

இன்று பதினொரு மணிபோல ஆணியில் சாவி இல்லை. லரீபா வகுப்பில். நான் இங்கே. இராசமணி அக்கா கதிரையில் இல்லை. நான் கொப்பிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

ஜூலை 10, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீர் இப்போது தண்ணீர் நிறம். டாக்டர் போத்தலைப் பிடித்துப் பார்த்து, நல்ல பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். ஆனால் கல் வரவில்லை. துணியில் ஒன்றும் இல்லை. "பாப்பம்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

மீனாம்பாளும் காயம் காட்ட வந்திருந்தாள். இடுப்பில் ஒரு சாராயப் போத்தல் கட்டியிருந்தது. பயந்துபோனேன். தண்ணீராம்! "மலைக்கு இத கட்டிக்கிட்டுத்தாங்க போறேன். கங்காணி கேட்டாரு. டாக்டரய்யா உத்தரவுன்னேன். அதுக்கப்பறம் ஒண்ணும் பேசல. இப்ப எங்க நெரயில இன்னும் ரெண்டு பேரு கட்டிக்கிட்டு வாராளுக." என் வயிற்றுப் பக்கம் கையை வைத்து, "வந்திரும்மா. ஒங்க கல்லு சின்னக் கல்லு" என்றாள்.

ஜூலை 15, வியாழன்

ஒன்றுமில்லை. பூதக்கண்ணாடி, துணி, ஒன்றுமில்லை.

ஜூலை 18, ஞாயிறு

அடுத்த கிழமை தவணை முடிகிறது. வெட்டினால் லீவு எவ்வளவு காலம், ஏழாம் வகுப்பை யார் எடுப்பது என்றெல்லாம் இவரோடு கதைத்தேன். கதைக்கும்போது தைரியமாகத்தான் இருந்தது. பிறகு அவர் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "தண்ணி குடிச்சனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 20, செவ்வாய்

வந்துவிட்டது!!

காலையிலிருந்தே நோவு. அடிவயிற்றில், மிகக் கீழே. ஓயாமல் போகவேண்டும் போல ஓர் எரிச்சல். இரண்டாம் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது தாங்கவில்லை. பிள்ளைகளிடம் தசமக் கணக்கைக் கொடுத்துவிட்டு, தையல் பையையும் சாவியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விறாந்தையால்.

நோவு ஒரு தரம் இறுக்கிப் பிடித்தது. கண் இருண்டது. பிறகு பேணியின் விளிம்பில் "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நோவு நின்றது. விளக்கை அணைத்தது போல நின்றது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன், அழுதேன், முருகா என்றேன், டாக்டரின் பெயரைச் சொன்னேன், இவரின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். இதுவரை வாயால் சொல்லாத பெயர்.

துணியில் ஒரு மண்ணிறக் குருணை. கழுவினால் முள் முள்ளாக இருக்கிறது.

வெளியே வந்தால் தலைமையாசிரியர் விறாந்தையில் நிற்கிறார். நான் ஓடினதைக் கண்டு பயந்துவிட்டார். "சுகமோ டீச்சர்?" என்றார். எனக்கு என்ன பிடித்ததோ, துணியை விரித்து அவர் முன்னால் நீட்டிவிட்டேன். "இஞ்சை பாருங்கோ சேர்!"

இப்போது நினைத்தால் மேலெல்லாம் கூசுகிறது. ஆனால் அவர் பின்வாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு சின்னனோ?" என்றார். பிறகு, "இதுக்குத்தானே இவ்வளவு பாடு" என்றார். இன்று வீட்டுக்குப் போங்கள், ஏழாம் வகுப்பை நானே பார்க்கிறேன் என்றார். தசமக் கணக்கோடு அவர் என்ன பாடுபட்டாரோ.

ஹாஷிம் பஸ் ஸ்டாண்டில் நின்றான். நேரே கச்சேரிக்கு விடச் சொன்னேன். இவரை வெளியே கூப்பிட்டுத் துணியைக் காட்டினேன். பூதக்கண்ணாடி வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கச்சேரி வாசலில், எல்லா மனுதாரர்களும் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 26, திங்கள்

படம் பிடித்தார்கள். வெள்ளைப் புள்ளி இல்லை. சிறுநீரக வீக்கம் வற்றிவிட்டது. வெட்டவேண்டியதில்லை. வெட்டவேண்டியதில்லை என்று இன்னொரு தரம் எழுதிப் பார்க்கிறேன்.

கல்லைச் சோதித்ததில் ஒக்சலேட் என்று வந்திருக்கிறதாம். சாயம் கூடின தேத்தண்ணியைக் குறைக்கவேண்டும், கீரையை அளவோடு சாப்பிடவேண்டும் என்றார் டாக்டர். பதுளையில் இருந்துகொண்டு தேத்தண்ணியைக் குறைக்கிறதாம்! "ஒருக்கால் கல்லு வந்த ஆளுக்குத் திரும்பவும் வரலாம். தண்ணியை மட்டும் சாகுமட்டும் விடாதேங்கோ" என்றார். அவருக்குக் கொண்டுபோன வாழைக்குலையை முதலில் வேண்டாமென்றார். பிறகு இரண்டு சீப்பை வைத்துக்கொண்டு, மிச்சத்தை வார்டுக்குக் கொடுத்துவிட்டார்.

நாங்கள் புறப்படும்போது டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். இப்போது நோவோடு வருகிற பொம்பிளைகள் எல்லாரிடமும், எவ்வளவு தண்ணி குடிக்கிறீர்கள் என்று கேட்பதில்லையாம். வேலை செய்யிற இடத்தில் போக வசதியிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறாராம். "அதுக்கு உண்மையான பதில் வருது" என்றார்.

கோயிலுக்குப் போனோம். யாருக்கென்று நன்றி சொல்வது? கடவுளுக்குச் சொன்னேன். மிச்சப் பேரையும் அவரிடமே ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு வந்தேன். நேரம் எடுத்தது. ஐயர் கதவைச் சாத்தக் காத்துக்கொண்டு நின்றார்.

1955 ஜனவரி 10, திங்கள்

புதுப் பள்ளித் தவணை தொடங்கிற்று. புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறாள். லீலாதேவி, பருத்தித்துறைப் பிள்ளை, பயிற்சி முடித்த கையோடு. இந்தக் குளிரைக் கண்டு இரண்டு பிளவுஸ் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

தலைமையாசிரியரே அவளை எங்கள் அறைக்குக் கூட்டிவந்தார். இது உங்கள் மேசை, இது வரவு இடாப்பு, இது டைம்டேபிள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, "சாவி இந்த ஆணியிலை இருக்கும். எப்ப வேணுமெண்டாலும் எடுக்கலாம். ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை. என்னட்டையும் கேக்கத் தேவையில்லை" என்றார். இரண்டு தரம் சொன்னார். போனார்.

லீலாதேவி என்னிடம் குனிந்து, "ஏன் டீச்சர் சேர் அதை அவ்வளவு பெரிசாச் சொன்னவர்? இதுக்கு ஆரும் கேப்பினமோ?" என்றாள்.

லரீபா என்னைப் பார்த்தாள். நான் இராசமணி அக்காவைப் பார்த்தேன். இராசமணி அக்கா கூசாவிலிருந்து ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வார்த்து அந்தப் பிள்ளையிடம் நீட்டி, "அவர் அப்பிடித்தான். நீர் குடியும் பிள்ளை, மலைக் காத்துக்குத் தாகம் தெரியாது" என்றா.

பத்தரை மணிக்கு லீலாதேவி எழுந்து வெளியே போனாள். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஏழாம் வகுப்பின் பின்னக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன்.